கணிப்பொறிக்கு ஏற்ற பெட்டியும் விசிறியும்

மும்பையின் ஹார்பர் ரயில் பாதையில், குரு தேக் பகதூர் நகருக்கும் குர்லாவுக்கும் இடையே சுனாபட்டி என்னும் நிலையம் உள்ளது. ‘சுனா’ என்பது சுண்ணாம்பு. ‘பட்டி’ என்பது சூளை. சுண்ணாம்புக் காளவாயைக் கண்டவர்கள் அதன் அமைப்பை அறிவார்கள். அடியில் காற்று நுழைவதற்கு ஒரு வாய் உண்டு. உச்சியில் சூடான புகை வெளியேறுவதற்கு ஒரு திறப்பு உண்டு. சூடேறிய காற்று இலேசாகி மேலே எழும்போது, அதன் இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று கீழிருந்து இழுக்கப்படுகிறது. காளவாயில் இந்தக் காற்றோட்டம் தீயை வளர்க்கிறது. கணிப்பொறியிலோ, இதே காற்றோட்டம் வெப்பத்தை வெளியே கொண்டுசென்று கருவியைக் காக்கிறது. இரண்டிலும் விதி ஒன்றே. காற்று நுழையும் வழியும் வெளியேறும் வழியும் சரியாக அமைதல் வேண்டும்.

சுனாபட்டியைச் சூழ்ந்துள்ள தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். இங்கே பள்ளியிலும், தனிப்பயிற்சி நிலையத்திலும், வீட்டின் ஒற்றை அறையிலும் கணிப்பொறி உபயோகத்தில் இருக்கிறது. மதிப்பெண் பட்டியல்கள் தயாராகும் ஏப்ரல் மாதமே வெயில் ஏறும் மாதம். அந்நாளில் கருவி சூடேறி நின்றுவிட்டால், ஓராண்டு உழைப்பின் பதிவு ஆபத்துக்கு உள்ளாகிறது. கருவி நிற்காமல் ஓடினாலும், அதன் விசிறி ஓயாமல் இரைந்தால், அதே அறையில் படிக்கும் குழந்தையின் கவனமும் உறங்கும் முதியோரின் அமைதியும் கெடுகின்றன. எனவே பெட்டியையும் விசிறியையும் தேர்ந்தெடுக்கும் முறையை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் அறிந்திருத்தல் நலம். கடைகளில் இப்பெட்டியைக் ‘கேபினெட்’ என்று வழங்குவர்.

வெப்பம் பிறக்கும் இடம்

கணிப்பொறி ஏற்கும் மின்சக்தி முழுவதும், ஏறக்குறைய எஞ்சாமல், இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. இது புதிய பிரச்சினை அன்று. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி, 1960-இல் இயங்கத் தொடங்கி, 1962-இல் ‘டிஃப்ராக்’ என்று பெயரிடப்பெற்ற கணிப்பொறியில் சுமார் 2,700 வால்வுகள் இருந்தன. ஒவ்வொரு வால்வின் இழையையும் சூடாக்குவதற்கே சில வாட் மின்சாரம் செலவாகும். 18 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்ட எஃகுச் சட்டத்துள் அவ்வளவு வால்வுகளை அடுக்கியபோது, கணக்கிடும் வேலையோடு வெப்பத்தை அகற்றும் வேலையும் சேர்ந்தே வந்தது.

இன்றைய கணிப்பொறி அதைவிடப் பன்மடங்கு திறன் வாய்ந்தது. மின்செலவும் மிகக் குறைவு. ஆயினும் வெப்பம் பிறக்கும் இடம் மிகச் சிறியதாகிவிட்டது. ‘பிராசஸர்’ எனப்படும் கணிப்பான், விரல் நகம் அளவுள்ள சிலிக்கான் துண்டிலிருந்து 65 வாட் அல்லது அதற்கும் மேற்பட்ட வெப்பத்தை வெளியிடுகிறது. படங்களைக் கையாளும் ‘கிராபிக்ஸ் கார்டு’ இருந்தால் அதன் வெப்பமும் சேரும். வீட்டு மின்சாரத்தைத் தாழ்ந்த அழுத்த நேர்மின்சாரமாக மாற்றித் தரும் ‘எஸ்.எம்.பி.எஸ்.’ தன் பங்குக்குச் சூடேறும். அதன் திறன் நூற்றுக்கு 80 என்றால், 200 வாட் அளிப்பதற்கு 250 வாட் வாங்கி, 50 வாட்டை வெப்பமாக விடுகிறது. திறன் நூற்றுக்கு 90 என்றால் இவ்விழப்பு 22 வாட் அளவுக்குக் குறைகிறது. ஆகவே நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்குவதே குளிர்ச்சிக்கான முதல் செலவு எனலாம்.

வெப்பம் மிகுந்தால் நேருவது என்ன? பிராசஸரின் உஷ்ணநிலை 95 அல்லது 100 டிகிரி சென்டிகிரேடை நெருங்கும்போது, அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அதற்கும் மேல் ஏறினால் கருவி அணைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தீங்கு மற்றொன்றும் உண்டு. மின்சுற்றில் உள்ள எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்ஸர்களின் ஆயுள், உஷ்ணநிலை 10 டிகிரி ஏறுந்தோறும் சுமார் பாதியாகக் குறைகிறது என்பது பொறியியலார் கைக்கொள்ளும் பொது விதி. இன்று ஓடும் கருவி நாளையும் ஓடுவதற்குப் பெட்டிக்குள் உள்ள காற்றின் உஷ்ணநிலை இவ்வாறு காரணமாகிறது.

எவ்வளவு காற்று வேண்டும்?

இதை எளிய கணக்கினால் அறியலாம். உயர்நிலைப் பள்ளி மாணவரும் செய்யத்தக்க கணக்கு இது. கோடைக்கால மும்பையில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.15 கிலோகிராம். ஒரு கிலோகிராம் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1,000 ஜூல் வேண்டும். எனவே ஒரு கன மீட்டர் காற்று 10 டிகிரி சூடேறும்போது சுமார் 11,500 ஜூல் வெப்பத்தை ஏற்றுக்கொள்கிறது. 200 வாட் செலவாகும் கணிப்பொறி ஒரு நிமிஷத்தில் 12,000 ஜூல் வெப்பத்தை வெளியிடுகிறது. ஆகவே நிமிஷத்துக்கு ஒரு கன மீட்டரைச் சற்று மிஞ்சிய காற்று பெட்டியின் ஊடே சென்றால், உள்ளே நுழைவதைவிட வெளியேறும் காற்று 10 டிகிரி மட்டுமே சூடாக இருக்கும். காற்றின் அளவு பாதியானால் இவ்வேறுபாடு 20 டிகிரி ஆகும்.

விசிறியின் உறையில் காற்றின் அளவை நிமிஷத்துக்கு இத்தனை கன அடி என்று குறிப்பர். ஒரு கன மீட்டர் என்பது சுமார் 35 கன அடி. 50 கன அடி என்று உறையில் கண்டதும் அது போதும் என்று முடிவு செய்தல் கூடாது. அந்த அளவு, எதிரே தடை ஏதும் இல்லாத நிலைக்கு உரியது. பெட்டியின் வலை, தூசு வடிகட்டி, உள்ளே தொங்கும் கம்பிகள் ஆகியவற்றைக் கடக்கும்போது காற்று மிகவும் குறைந்துவிடும். பாதி அளவே கிடைக்கும் என்று கணக்கிடுதல் பத்திரமானது.

விசிறி இல்லாமல் காளவாயைப்போல் காற்றைத் தானே எழச் செய்தால் என்ன என்னும் வினா எழலாம். காளவாய் பல அடி உயரமும் பல நூறு டிகிரி வெப்பமும் உடையது. கணிப்பொறிப் பெட்டியின் உயரமோ அரை மீட்டருக்கும் குறைவு. உஷ்ணநிலை வேறுபாடு 10 டிகிரி அளவே. இதனால் உண்டாகும் இழுவிசை, சாதாரண விசிறி ஒன்று தரும் அழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே விசிறி இன்றியமையாதது. ஆயினும் சூடான காற்றின் இயல்பை அனுசரித்து, கீழ்ப்புறம் முன்னிருந்து காற்றை ஏற்று, மேற்புறம் பின்வழியாக வெளியேற்றுவதே முறை.

சப்தத்தின் காரணம்

விசிறியின் சப்தம் மூன்று வகையாக எழுகிறது. முதலாவது, இறகுகள் காற்றை அறுக்கும் இரைச்சல். ஏழு இறகுகள் கொண்ட விசிறி நிமிஷத்துக்கு 1,200 முறை சுழன்றால், விநாடிக்கு 140 அதிர்வுகள் கொண்ட தாழ்ந்த ஒலி பிறக்கும். 2,700 முறை சுழன்றால் 315 அதிர்வுகள் கொண்ட உயர்ந்த ஒலி பிறக்கும். உயர்ந்த ஒலியையே காது எளிதில் பற்றிக்கொள்கிறது. இரண்டாவது, அச்சுத்தாங்கியான பேரிங்கின் உராய்வு. மூன்றாவது, விசிறியும் ஹார்டு டிஸ்க்கும் அதிர்வதால் பெட்டியின் தகடு ஒலிப்பது. நிமிஷத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 120 முறை அதிர்ந்து, மெல்லிய தகட்டைத் தம்பட்டம்போல் முழங்கச் செய்யும். சுழலும் பாகம் இல்லாத ‘எஸ்.எஸ்.டி.’ நினைவகம் இருந்தால் இத்தொல்லை அறவே நீங்கும்.

சப்தத்தை டெசிபல் அளவால் குறிப்பர். 10 டெசிபல் குறைந்தால் சப்தம் பாதியாகக் குறைந்ததாகக் காது உணரும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிகளில் இரவு நேரத்துக்கு 45 டெசிபலும், பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் சூழ்ந்த அமைதி மண்டலத்தில் பகலுக்கு 50, இரவுக்கு 40 டெசிபலும் வரம்பாக விதித்துள்ளன. இவை வெளிப்புறச் சூழலுக்கு உரியவை எனினும், ஒப்பு நோக்க உதவும். தெருவின் சப்தத்துக்கே இவ்வரம்பு என்றால், அறைக்குள் உள்ள ஒரு கருவி அதனினும் மிகத் தாழ்ந்து ஒலிக்க வேண்டும் என்பது வெளிப்படை. விசிறியின் சப்த அளவைச் சாதாரணமாக ஒரு மீட்டர் தூரத்துக்குக் கணக்கிட்டுக் குறிப்பர். மேஜைமேல் அரை மீட்டர் தூரத்தில் பெட்டி இருந்தால் காதை எட்டும் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பெரிய விசிறி, மெதுவான சுழற்சி

விசிறியின் வேகம் இரட்டித்தால் காற்றின் அளவும் இரட்டிக்கும். ஆனால் செலவாகும் சக்தி எட்டு மடங்காகும். சப்தமோ சுமார் 15 டெசிபல் ஏறும். இதிலிருந்து பயனுள்ள ஓர் உண்மை கிடைக்கிறது. ஒரே விசிறியை முழு வேகத்தில் ஓட்டுவதற்குப் பதிலாக, அதே போன்ற இரண்டை அரை வேகத்தில் அருகருகே ஓட்டலாம். ஒவ்வொன்றின் சப்தமும் 15 டெசிபல் குறைகிறது; இரண்டு சேர்வதால் 3 டெசிபல் கூடுகிறது. நிகர லாபம் 12 டெசிபல். காற்றின் அளவோ குறையவில்லை.

விசிறியின் அளவைப் பெருக்கினாலும் இத்தகைய நன்மை உண்டு. சுழற்சி வேகம் ஒன்றே எனில், காற்றின் அளவு குறுக்களவின் கனத்தை ஒத்து வளர்கிறது. 80 மில்லிமீட்டர் விசிறி நிமிஷத்துக்கு 2,700 முறை சுழன்று தள்ளும் காற்றை, அதே வடிவுள்ள 120 மில்லிமீட்டர் விசிறி 800 முறை சுழன்றே தள்ளிவிடும். சப்தம் சுமார் 14 டெசிபல் குறையும். ஆகவே 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறிகளுக்கு இடமுள்ள பெட்டியையே நாட வேண்டும்.

பேரிங் வகையையும் கேட்டறிதல் வேண்டும். சாதாரண ஸ்லீவ் பேரிங் விலை குறைந்தது. புதிதில் சப்தமும் குறைவு. ஆனால் வெப்பத்தில் எண்ணெய் வற்றி, நாளடைவில் கரகரக்கத் தொடங்கும். விசிறியைப் படுக்கை வாட்டில் பொருத்தினால் இன்னும் விரைவில் தேயும். பால் பேரிங் வெப்பத்தைத் தாங்கி நெடுநாள் உழைக்கும். சிறிது சப்தம் உண்டு. திரவ பேரிங் எனப்படும் வகையில் அச்சு எண்ணெய்ப் படலத்தின்மீது மிதந்து சுழல்வதால் சப்தமும் குறைவு, ஆயுளும் அதிகம். விலை சற்று ஏறினாலும் இதுவே ஏற்றது. நான்கு முனை இணைப்புள்ள விசிறியாக இருந்தால், உஷ்ணநிலைக்கு ஏற்ப வேகத்தை மதர்போர்டே கூட்டியும் குறைத்தும் நடத்தும். அந்த ஏற்றத்தாழ்வு படிப்படியாக நிகழுமாறு அமைப்பது நன்று. ஒரே சீரான மெல்லொலி காதுக்குப் பழகிவிடும். அடிக்கடி எழுந்தடங்கும் ஒலியே எரிச்சலூட்டும்.

பெட்டியைத் தேர்ந்தெடுத்தல்

மும்பையில் கிராண்ட் ரோடு நிலையத்தை அடுத்த லேமிங்டன் ரோடு இத்தகைய பொருள்களுக்குப் பேர்போன கடைவீதி. அங்கே வண்ண விளக்குகள் மின்னும் பெட்டிகள் முன்வரிசையில் நிற்கும். பெட்டியின் முகப்பு முழுவதும் கண்ணாடியாலோ பிளாஸ்டிக்காலோ மூடப்பட்டு, ஓரத்தில் மட்டும் சிறு இடுக்கு இருந்தால், உள்ளே எத்தனை விசிறிகள் ஒளி வீசினாலும் காற்று நுழையாது. காற்றுக்குத் தவிக்கும் விசிறி வேகமாகச் சுழல்கிறது. வேகமாகச் சுழலும் விசிறி இரைகிறது. முகப்பு முழுவதும் துளைத்தகடாக உள்ள பெட்டியே வெப்ப நாட்டுக்கு உரியது.

சப்தத்தை அடக்கவென்று உட்புறம் பஞ்சு ஒட்டி, எங்கும் மூடிய பெட்டிகளும் விற்கப்படுகின்றன. 20 அல்லது 22 டிகிரி அளவில் இருக்கும் அறைகளுக்கு அவை பொருந்தலாம். மே மாத மும்பையில் பகல் உஷ்ணநிலை 33 டிகிரியை ஒட்டி நிற்கும். தகரக் கூரையின் கீழ் அதனினும் மிகும். அறைக் காற்று 34 டிகிரி, பெட்டிக்குள் 10 டிகிரி ஏற்றம், பிராசஸருக்கும் காற்றுக்கும் இடையே 40 டிகிரி வேறுபாடு என்று கூட்டினால் 84 டிகிரி ஆகிறது. எஞ்சும் இடைவெளி மிகக் குறுகியது. அதைப் பஞ்சினால் மேலும் குறுக்குவது தகாது.

தகட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். தகரடப்பாபோல் நீண்டு ஒலித்தால் அது மெல்லிய தகடு. மந்தமாக ஒலித்து அடங்கினால் நல்ல கனம் உடையது. பக்கத் தகடு ஆடாமல் பொருந்துகிறதா, விசிறிக்கும் ஹார்டு டிஸ்க்குக்கும் ரப்பர் மெத்தை உண்டா, தூசு வடிகட்டியைக் கழற்றிக் கழுவ இயலுமா என்பவற்றையும் கவனிக்க வேண்டும். முன்புறம் இரண்டு விசிறிகள் உள்ளிழுக்கவும், பின்புறம் ஒன்று வெளித்தள்ளவும் அமைப்பது சிறந்தது. உள்ளே நுழையும் காற்று மிகுதியாக இருப்பதால், பெட்டியின் இடுக்குகள் வழியே காற்று வெளியே கசியுமே அன்றி, தூசு உள்ளே இழுக்கப்படாது.

புதிய பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. 1995-இல் வகுக்கப்பட்ட ஏ.டி.எக்ஸ். அளவு இன்றும் வழக்கில் உள்ளது. நல்ல கனமான பழைய எஃகுப் பெட்டி கிடைத்தால், புதிய மதர்போர்டை அதில் பொருத்தி, 120 மில்லிமீட்டர் விசிறிக்கு இடமிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம். மிச்சமாகும் பணத்தை நல்ல விசிறிக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் செலவிடுவது அறிவுடைமை.

மும்பையின் தூசும் ஈரமும்

தாராவியில் ஆடை தைக்கும் கூடங்களின் பஞ்சிழையும், தோல் தொழிலின் துகளும், கும்பார்வாடா மண்பாண்டச் சூளைகளின் கரியும் காற்றில் கலந்துள்ளன. கடலோரக் காற்றில் உப்பும் உண்டு. இவை ‘ஹீட்சிங்க்’ எனப்படும் உலோகச் சீப்பின் பற்களிடையே கம்பளிபோல் படிந்து காற்றைத் தடுக்கின்றன. வடிகட்டியை இரு வாரங்களுக்கு ஒரு முறை கழுவி, நன்கு உலர்த்திப் பொருத்த வேண்டும். மூன்று மாதங்களுக்கு ஒரு முறை, மின்இணைப்பை முழுவதும் நீக்கிய பின், மெல்லிய தூரிகையால் உட்புறத்தைத் துடைக்கலாம். காற்றை ஊதிச் சுத்தம் செய்வதாயின், விசிறியின் இறகை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். அளவு மீறிச் சுழன்றால் பேரிங் பழுதாகும்.

ஜூலை மாதத்தில் மும்பைக் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 80-க்கு மேல் நிற்கும். ஓடும் கணிப்பொறி சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருப்பதால் அதில் ஈரம் படியாது. பல நாள் ஓடாமல் கிடக்கும் கருவியிலேயே தூசும் ஈரமும் கலந்து மின்சாரம் கசியும் படலம் உண்டாகிறது. ஆகவே விடுமுறையிலும் இரண்டொரு நாளுக்கு ஒரு முறை சிறிது நேரம் ஓட்டுதல் நன்று. குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து கருவியை வெளியே கொண்டுசெல்லும் களப்பணியாளர்கள், அது சுற்றுப்புற உஷ்ணநிலையை அடையும்வரை, சுமார் ஒரு மணி நேரமேனும், உறையைத் திறவாமலும் கருவியை இயக்காமலும் இருக்க வேண்டும்.

பெட்டியைத் தரையில் வைத்தல் கூடாது. தரையில் தூசு மிகுதி என்பது ஒரு காரணம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அன்று தாழ்ந்த பகுதிகளில் நீர் புகுந்ததை மும்பை மறக்கவில்லை. சுனாபட்டி, குர்லா பகுதிகளின் ரயில் பாதை இன்றும் கனமழையில் நீரில் மூழ்குவது உண்டு. இரண்டடி உயரமுள்ள மரப்பலகையின்மேல் பெட்டியை வைத்தால் தூசும் குறையும். வெள்ளத்தினின்றும் ஓரளவு காப்பு கிடைக்கும்.

அறையும் கருவியின் அங்கமே

எந்த விசிறியும் பெட்டியை அறையின் உஷ்ணநிலைக்குக் கீழே குளிர்விக்காது. அது வெப்பத்தைப் பெட்டியிலிருந்து அறைக்கு மாற்றுகிறது, அவ்வளவே. பத்தடிக்குப் பத்தடி அளவும் பத்தடி உயரமும் உள்ள மூடிய அறையில் சுமார் 28 கன மீட்டர் காற்று உள்ளது. சுவரும் கூரையும் வெப்பத்தை ஏற்காவிடில், 200 வாட் கணிப்பொறி அக்காற்றை மூன்று நிமிஷத்துக்குள் ஒரு டிகிரி சூடாக்கிவிடும். சுவர்கள் பெரும் பகுதியை ஏற்றுக்கொள்வதால் உண்மையில் இவ்வளவு விரைவாக ஏறுவதில்லை. எனினும் சன்னலைத் திறந்து வைப்பதன் அவசியம் இதனால் விளங்கும். பத்துக் கணிப்பொறிகள் உள்ள பள்ளிக் கூடத்தில் 2,000 வாட் ஹீட்டர் ஒன்று நாள் முழுவதும் எரிவதற்கு ஒப்பான வெப்பம் பிறக்கிறது. அங்கே வெளியேற்றும் விசிறி ஒன்றைச் சுவரின் உச்சியில் பொருத்துவது அவசியம். பெட்டியை மேஜையின் மூடிய அறைக்குள் வைப்பதும், அதன் பின்புறத்தைச் சுவரோடு ஒட்டுவதும், வென்ற காற்றையே மீண்டும் உட்கொள்ளச் செய்யும். பின்புறம் ஓரடியேனும் இடைவெளி விடுதல் வேண்டும்.

காற்றோட்டத்தைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மெல்லிய காகித நாடாவை முன்வலையின் அருகே பிடித்தால் அது வலையோடு ஒட்ட வேண்டும். பின்புறம் பிடித்தால் வெளிநோக்கிப் பறக்க வேண்டும். மற்றொரு சோதனையும் உண்டு. கருவியைக் கடும் வேலையில் அரை மணி நேரம் ஓட்டி, பிராசஸரின் உஷ்ணநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் கருவியை அணைத்துப் பக்கத் தகட்டைக் கழற்றி, கையை உள்ளே நீட்டாமல், அதே வேலையில் மீண்டும் அரை மணி ஓட்டிப் பார்க்க வேண்டும். உஷ்ணநிலை இரண்டு மூன்று டிகிரி மட்டுமே குறைந்தால் பெட்டி நன்கு வேலை செய்கிறது. பத்து டிகிரி குறைந்தால் குறை பெட்டியில் உள்ளது. பிராசஸரின் விசிறியை மாற்றுவதால் பயனில்லை. மாணவர்களைக் கொண்டே இச்சோதனைகளை நடத்தினால், வெப்பம், காற்றழுத்தம், ஒலி ஆகிய மூன்று பாடங்களும் ஒரே பெட்டியில் விளங்கும்.

எஃகுப் பெட்டியானதால் மூன்று முனைச் செருகியும் முறையான மண் இணைப்பும் இருத்தல் வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. பணத்தைப் பங்கிடும்போது பெட்டியையும் விசிறியையும் கடைசியில் எஞ்சும் தொகைக்கு விட்டுவிடுவது பலரது வழக்கம். பிராசஸரும் மதர்போர்டும் சில ஆண்டுகளில் பழையனவாகிவிடும். நல்ல பெட்டியும் நல்ல விசிறியும் அடுத்து வரும் கருவிக்கும் உழைக்கும். அந்தச் சிறு செலவே கோடை நாளில் கருவியை நிற்காமல் ஓடச் செய்கிறது. இரவில் அருகே படிக்கும் குழந்தைக்கு அமைதியையும் அளிக்கிறது.